உலக முடிவுக்கு ஓர் ஒத்திகை

கொட்டகலை,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நாகலெட்சுமி அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி முத்துலிங்கத்தின் மகள் நிலக்ஷி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவின் பிரஷர், அம்மாவின் இடுப்பு, கூரைத் தகரம் ஆகியவை தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே கோத்தகிரியில் நீங்களும் மாமாவும், யோகேஸ்வரன் அத்தானும் அவர் மனைவியும், பிள்ளைகள் இரண்டும், உங்களோடு இருக்கும் சம்பந்தியம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தோட்டத்து மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

முதலில், கடிதம் எழுதியதற்காக மன்னிக்க வேண்டும். இப்போது யாரும் கடிதம் எழுதுவதில்லை என்று எனக்குத் தெரியும். முன்கூட்டியே முத்திரை வாங்கப் போனபோது தபால் கந்தோரில் இருந்த அம்மா, "இந்தியாவுக்கா? கடிதமா? உள்ள வேற என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். ஆனால் எனக்குத் தொலைபேசியில் பேச வராது. நான் "சுகமா அத்தை" என்று கேட்டால் நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள். உடனே வீட்டில் உள்ள எல்லாரும் தனித்தனியாகச் சுகம் என்கிறார்கள். அதற்குள் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடுகிறது. அப்பா சொல்வார், அந்தக் காலத்தில் லயத்து வீடுகளுக்கு யார் பெயரில் கடிதம் வந்தாலும் உங்களிடம்தான் கொண்டுவருவார்களாம். நீங்கள் முதலில் தனியாக ஒருமுறை வாசித்துவிட்டு, எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொண்டு, பிறகுதான் எல்லாருக்கும் சத்தமாக வாசிப்பீர்களாம். இதையும் அப்படியே செய்யலாம். உங்களிடம் ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது. அதற்குத் தைரியம் வருமா என்பது கடிதம் முடியும்போதுதான் தெரியும்.

தை மாதம் நீங்கள் தொலைபேசி எடுத்து, மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு வருகிறோம் என்று சொன்னீர்கள். "நெலக்ஷி, நீ படிச்ச புள்ள, அங்க ஒனக்குப் புடிச்ச எடங்கள எல்லாம் எழுதி அனுப்பு. நான் பொறந்த ஊரு, ஆனா நான் எதையுமே பாக்கல" என்றீர்கள். அப்போது உங்களுக்குப் பின்னாலிருந்து சம்பந்தியம்மா, "அங்கெ பாக்கறக்கு அப்படி என்னங்க இருக்குது? தேயிலை நம்மூர்லயும்தானுங்க இருக்குது" என்று கேட்டார். அவர் தவறாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்திலும் ஸ்பீக்கர் போட்டிருந்தது.

அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. "அக்கா போன கப்பல்ல நானும் போயிருந்தா, இந்தக் கேள்விய இன்னைக்கு நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்" என்றார். கல்யாணம் முடிந்து மாமா வீட்டாரோடு நீங்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்ட அன்று, தன்னையும் அழைத்துப் போக நீங்கள் தேடியதாகவும், தான் தேயிலை ஸ்டோருக்குள் சாக்குகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு இந்த நாட்டில் என்ன நடந்தாலும், அங்கிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் முத்துலிங்கம் அன்றைக்கே போயிருக்கலாம் என்றுதான் சொல்கிறார்களாம். நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, நீ இங்க இருந்ததும் சரிதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னார். எங்கள் வீட்டில் இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பலகைதான்.

ஆகவே எனக்குப் பிடித்த இடங்களின் பட்டியல் வீட்டில் பெரிய விஷயமாகிவிட்டது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. எனக்குப் பிடித்த இடங்கள் எதுவும் இல்லை. ஏனென்றால் நான் எங்கேயும் போனதில்லை. பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தபோது ஹோட்டன் சமவெளியைப் பற்றிப் பரீட்சையில் நான்கு பக்கம் எழுதினேன், நல்ல புள்ளி கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து அது ஒரு காலைநேரப் பயணம்தான். அம்மாவும் அப்பாவும்கூடப் பார்த்ததில்லை. தோட்டத்தில் ஊர் சுற்றுவது என்றால் கதிர்காமத்துக்குப் பஸ் போகும், இல்லாவிட்டால் யாராவது பெரியாஸ்பத்திரியில் படுத்திருப்பார்கள்.

இதைக் கேட்டதும் அப்பா, "பாக்காத எடத்த அக்காவுக்கு எப்புடிக் காட்டுறது? ஒரு ட்ரையல் போயிருவோம்" என்றார். அப்பா கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் மெசின் வேலையில் இருக்கிறார் அல்லவா, அங்கே புது மெசின் வந்தால் முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். அம்மா, "சரி, நாம மூணு பேரும் போயிட்டு வருவோம்" என்றாள். அதற்கு அப்பா, "சும்மா ஓட்டுனா எந்த மெசினும் நல்லாத்தான் ஓடும். லோடு போட்டாத்தான் தெரியும்" என்றார். லோடு என்றால் நீங்கள். உங்கள் வயதில், உங்கள் உயரத்தில், உங்களைப் போலவே முழங்கால் வலியோடு ஓர் ஆள் வேண்டும் என்று தேடி, அப்பா அதிக தூரம் போகவில்லை. எங்கள் லயத்தின் கடைசியில், தொங்கல் வீட்டில் வீரம்மா பெரியம்மா இருக்கிறார். நீங்கள் போன பிறகு கல்யாணம் முடித்து மஸ்கெலியாவிலிருந்து வந்தவர், அதனால் உங்களுக்குத் தெரியாது. இருபது வயதிலிருந்து கொழுந்து எடுத்து, போன வருடம்தான் பென்சன் வாங்கினார். புருஷன் இல்லை, மகள் கொழும்பில் வேலை.

"நான் என்னாடா செய்யணும்?" என்று பெரியம்மா கேட்டார்.

"ஒண்ணும் செய்ய வேணாங்க்கா. விருந்தாளியா இருந்தாப் போதும்."

"அது எப்புடி இருக்கணும்?" என்று பெரியம்மா உண்மையாகவே கேட்டார். "நான் இருந்ததில்லியே."

ஹட்டனிலிருந்து றோலண்ட் அண்ணனின் வேனைப் பேசினோம். நீங்கள் வரும்போதும் அதே வேன்தான். றோலண்ட் அண்ணன் நல்லவர், முன்னால் கண்ணாடியில் மாதா படமும் மாரியம்மன் படமும் ஒட்டியிருக்கிறார், வளைவுகளில் இரண்டு பேரையும் கூப்பிடுவார். பத்துப் பேர் இருக்கலாம். பதினோராவது ஆள் வேண்டுமென்றால் ஸ்பெயார் டயரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

விடியற்காலையில் அப்பா லயத்துக்கு முன்னால் எங்களை வரிசையாக நிற்க வைத்து, தோட்டத்தில் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிப்பது போலப் பெயர் கூப்பிட்டார். ஜீவராணி என்றார், அம்மா இருக்கேன் என்றாள். நிலக்ஷி என்றார், நானும் சொன்னேன். நாகலெட்சுமி என்றார், பதில் இல்லை. மறுபடியும் நாகலெட்சுமி என்றார்.

"ஏங்க்கா பேசாம நிக்கிறீங்க?"

"என்னயவா கூப்புட்ட?"

"இன்னைக்கு நீங்கதான் நாகலெட்சுமி."

பெரியம்மா சற்று யோசித்து, "சரி, இருக்கேன்" என்றார். றோலண்ட் அண்ணனுக்குப் பின்னால் சன்னலோர இருக்கையில் தலையணை போட்டு அவரை உட்கார வைத்தோம். அது உங்களுக்குரிய இருக்கை.

இனி இடங்களைப் பற்றி எழுதுகிறேன். ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் வயதானவர்களை அழைத்து வருகிறீர்கள். முக்கியமாகச் சம்பந்தியம்மாவுக்கு வளைவுப் பாதை ஒத்துக்கொள்ளாது என்றும் குளிர் ஆகாது என்றும் நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. நுவரெலியாவுக்குப் போகும் பாதையில் வளைவுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அம்மா மூன்று இடங்களில் இறங்கினாள். மூன்றாவது இடத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, இயற்கையை ரசிக்கிறாள் என்று நினைத்து அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று படம் எடுத்தார்கள். பிறகு அவர்களும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

முதலில் ஹோட்டன் சமவெளி. அங்கே நடந்து போனால் கடைசியில் மலை திடீரென்று முடிந்துவிடும், அந்த இடத்துக்கு உலக முடிவு என்று பெயர். குளிர் எப்படி என்றால், அப்பா பேசும்போது முதலில் புகை வந்து பிறகுதான் சத்தம் வந்தது. வாசலில் பொலித்தீன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். அது நல்ல சட்டம், அதைப் பற்றிக் கூட நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்கு ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் செய்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொலித்தீனில் சுற்றி, எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு பொலித்தீனில் கட்டியிருந்தாள். உத்தியோகத்தர் மிகவும் மரியாதையாக ஒவ்வொன்றாகப் பிரித்து ரொட்டிகளை எங்கள் கையில் கொடுத்தார். சம்பலை எதில் கொடுப்பது என்று அவருக்கே தெரியவில்லை, அப்பாவின் தொப்பியைக் கேட்டார். இப்படியாக நாங்கள் ரொட்டிகளைக் கையில் ஏந்திக்கொண்டு உலக முடிவை நோக்கி நடந்தோம். வேன்கள் நிற்கும் இடத்தருகே ஒரு மரை மான் நின்றது, மாட்டை விடப் பெரியது, கொம்பும் இருந்தது. மிருகங்களுக்கு உணவு கொடுக்கக்கூடாது என்று மூன்று மொழியிலும் பலகை வைத்திருக்கிறார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. அது எடுத்துக்கொண்டது. அம்மா கொஞ்ச தூரம் அதோடு வாதாடிப் பார்த்தாள். பிறகு நெடுந்தூரம் நடந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, உலக முடிவுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரே மூட்டம். முன்னால் வெள்ளை, கீழே வெள்ளை. பின்னால் அப்பா நின்றார். "அக்கா வர்ற அன்னைக்கு இது இருக்காது" என்று அவர் மூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். சம்பந்தியம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதவும்.

அடுத்தது ஹக்கல பூங்கா. ரோஜாக்கள் உண்டு. ட்ரையல் முழுமையாக இருக்க வேண்டும் என்று அப்பா டிக்கட் கொடுப்பவரிடம் பெரியம்மாவைக் காட்டி, தன் அக்கா, இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார் என்று சிங்களத்தில் பெருமையாகச் சொன்னார். வெளிநாட்டுக்காரர்களுக்கு டிக்கட் வேறு என்பது அப்பாவுக்குத் தெரியாது. டிக்கட்காரர், "பாஸ்போட் எக்க தென்ன" என்று கையை நீட்டினார். பெரியம்மா இடுப்புப் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார், அவர் அதை எங்கே போனாலும் எடுத்துக்கொண்டுதான் போவார். டிக்கட்காரர் அட்டையைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், பிறகு அப்பாவை நீண்ட நேரம் பார்த்தார். எங்களுக்கு உள்ளூர் டிக்கட்டே கிடைத்தது. ஆனால் பெரியம்மாவுக்குக் கோபம்.

"எம் மக பெரிய மனுசியான வருசந்தான் எனக்கு இந்த அட்டையே குடுத்தானுங்க. அதுவரைக்கும் இந்தியாக்காரி, இந்தியாக்காரின்னு சொன்னானுங்க. இப்ப நீயும் சொல்லிட்டியா முத்துலிங்கம்."

"ட்ரையல்தானேங்க்கா" என்றார் அப்பா.

"எதுல வேணும்னாலும் ட்ரையல் பாரு. இதுல பாக்காத."

அதனால் ஹக்கல பூங்காவில் மட்டும் அவர் நாகலெட்சுமியாக இருக்க மறுத்து, வீரம்மாவாகவே நடந்தார். எனவே அந்த இடம் உங்களுக்குப் பிடிக்குமா என்பதை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பக்கத்தில்தான் சீதா எலிய, சீதையம்மன் கோவில். ஆற்றங்கரையில் இருக்கிறது. அதற்குள் பெரியம்மா சமாதானமாகிவிட்டார். அப்பா உங்கள் ஊரையும் சொல்லி, உங்கள் பெயருக்கும் பூச நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை சொன்னார். ஐயர் பெரியம்மாவைப் பார்த்து, "கோத்தகிரியா அம்மா? எப்ப வந்தீங்க?" என்று அன்பாகக் கேட்டார். பெரியம்மா, "மே மாசம் வருவேன் சாமி" என்றார். ஐயர் பிரசாதத்தைத் தூரத்தில் நின்று கொடுத்தார். அர்ச்சனையின் பலன் உங்களுக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை, நடுவில் பெரியம்மா இருந்தார்.

நுவரெலியா டவுனில் கிரகறி வாவி. அன்னப் பறவை வடிவத்தில் காலால் மிதிக்கும் படகுகள் இருக்கின்றன. அப்பாவும் பெரியம்மாவும் ஒன்றில் ஏறினார்கள். விருந்தாளி மிதிக்கக்கூடாது என்று பெரியம்மா காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார், அப்பா தனியாக மிதித்தார். நடுவில் ஒரு கம்பி இருந்தது. கை வைத்துக்கொள்ளத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அப்பா அதை ஒரு பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதுதான் படகைத் திருப்பும் கம்பி. வாவிக்கு நடுவில் போய் அன்னம் சுற்றத் தொடங்கியது. முதல் சுற்றில் இருவரும் எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள். அடுத்த சுற்றில் காட்டவில்லை. பெரியம்மா, "எங்க ஊட்டியில படகு நேராப் போகும் தம்பி" என்று சொன்னது கரை வரைக்கும் கேட்டது. ஊட்டியை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் அப்பாவுக்கு ரோஷம் வந்து வேகமாக மிதித்தார், அதனால் அன்னம் வேகமாகச் சுற்றியது. றோலண்ட் அண்ணன் கரையில் நின்று வீடியோ பிடித்தார். கடைசியில் மோட்டார் படகில் ஒருவர் போய்க் கயிறு போட்டு இழுத்து வந்தார். இறங்கிய பிறகும் அப்பா கொஞ்ச நேரம் நேராக நடக்கவில்லை. பிள்ளைகளுக்கு இது பிடிக்கலாம். தலைச்சுற்று உள்ளவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

திரும்பும் வழியில் சுற்றுலாக்காரர்களுக்காக வைத்திருக்கும் ஒரு தேநீர் நிலையம். பெயர் வேண்டாம். அங்கே சேலையும் தலைத்துண்டும் கூடையும் கொடுத்து, கொழுந்து பறிப்பவர் போலப் படம் எடுத்துக் கொடுப்பார்கள். அங்கே வேலை செய்யும் பிள்ளை, பெரியம்மா இருந்த தோரணையைப் பார்த்து வெளியூர் என்று நினைத்து, "அம்மா, வாங்க, சொல்லித் தர்றேன், ரெண்டு இலை, ஒரு மொட்டு" என்று அழைத்துப் போனது. பெரியம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, "கஷ்டமான வேலதான்" என்றார். அப்பா கூரையைப் பார்த்தார். கூடையை மாட்டிக்கொள்ளச் சொன்னதற்குப் பெரியம்மா, "கூடை வேணாம்மா. நான் விருந்தாளி. சும்மா நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தேயிலைக்கு நடுவில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படத்தை இத்தோடு வைத்திருக்கிறேன். அவர் தேயிலைக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை. நேரம் ஆக ஆக மேற்பார்வைக்காரர்போல முகமும் மாறியது, பக்கத்துச் செடியை ஒழுங்காக வெட்டவில்லை என்று அந்தப் பிள்ளையிடம் குறை சொன்னார். தேநீர் சூடாக இருந்தது. காப்பி கிடையாது. சம்பந்தியம்மா காப்பி இல்லாமல் இருக்கமாட்டார் என்று நீங்கள் சொன்னதாக ஞாபகம். இந்த மாவட்டத்திலேயே நல்ல காப்பி கிடைப்பது சந்தேகம்.

கடைசியாகத் தலவாக்கலைக்குப் பக்கத்தில் நீர்வீழ்ச்சி. ரோட்டிலிருந்தே தெரியும். ஆனால் அப்பா, ரோட்டில் நின்று பார்ப்பது அக்காவுக்கு மரியாதையில்லை என்று ஓர் ஒற்றையடிப் பாதையில் எங்களைக் கொஞ்சம் இறக்கினார். அட்டை. அத்தைக்கு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, சம்பந்தியம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடவும். அது கடிப்பது தெரியாது, இரத்தம் நிற்காமல் வரும்போதுதான் தெரியும். அம்மாவுக்குக் காலில், எனக்குக் கழுத்தில். றோலண்ட் அண்ணன் வேனை விட்டு இறங்கவே இல்லை, அவருக்குக் காதில். காலில் தேய்த்துக்கொள்ளச் சவர்க்காரம் கொண்டுவந்தால் நல்லது, ஒருவருக்கு ஒன்று என்று.

வீட்டுக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. வேன் லயத்தடியில் நின்றதும் பெரியம்மா உடனே இறங்கவில்லை. தலையணையைத் தட்டிச் சரி செய்துவிட்டு, "அக்கா வந்தாப் பெறகு நான் எங்க ஒக்காருவேன்?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். "ஒங்க வேல முடிஞ்சிருச்சுக்கா. ட்ரையல் பாஸ்" என்றார். பெரியம்மா தலையாட்டிவிட்டு, தலையணையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக்குப் போனார்.

இவ்வளவுதான் இடங்கள். இவற்றில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டிருந்தீர்கள். குளிரும் மூட்டமும் வளைவும் அட்டையும் உள்ளபடி எழுதியிருக்கிறேன். யாருக்கு எது ஒத்துக்கொள்ளும், யார் பேசாமல் கோத்தகிரியிலேயே ஓய்வெடுப்பது உடம்புக்கு நல்லது என்பதை நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கவும்.

மாமாவுக்கு என் வணக்கம். யோகேஸ்வரன் அத்தானுக்கும் அக்காவுக்கும் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். சம்பந்தியம்மாவின் கால்களைத் தொட்டு வணங்குகிறேன், முக்கியமாக முழங்கால்களை. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமலும் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காமலும் அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்,
மு. நிலக்ஷி

பின்குறிப்பு: அத்தை, இது தனித் தாள். சத்தமாக வாசிக்கும்போது மேலே கையெழுத்தோடு நிறுத்திவிடவும். நீங்கள் முதலில் தனியாக வாசிப்பீர்கள் என்று அப்பா சொன்னதை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

மேலே நான் பொய் எதுவும் எழுதவில்லை. சிலவற்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். உலக முடிவில் மூட்டம் இருந்தது உண்மை. பிறகு அது விலகியது. ஒரு சேலையை இழுத்ததுபோல ஒரே தடவையில் போய்விட்டது. கீழே காடு, வயல், குளம், ஊர்கள், எவ்வளவோ தூரத்துக்கு. நான் எழுதிய நான்கு பக்கத்தில் அதில் ஒன்றும் இல்லை. பெரியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதெல்லாம் நம்ம நாடா புள்ள?"

"ஆமா பெரியம்மா."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

"சொல்லவே இல்லியே ஒருத்தரும்" என்றார். மரை தின்றது போக மிச்சமிருந்த ரொட்டியை நான்காகப் பிய்த்து, அங்கேயே நின்று சாப்பிட்டோம். கோவிலில் உங்கள் அர்ச்சனை முடிந்ததும், "என் பேரையும் சொல்லலாமா?" என்று பெரியம்மா என் காதில் கேட்டார். நட்சத்திரம் தெரியாதாம். ஐயர் அவர் பெயருக்கும் செய்தார். ரோஜாத் தோட்டம் மிகவும் அழகு. அன்னப் படகில் சுற்றும்போது பெரியம்மா சிரித்த சிரிப்பை றோலண்ட் அண்ணனின் வீடியோவில் கேட்கலாம். நீங்கள் வாருங்கள், எல்லாவற்றையும் பாருங்கள். எல்லாமே எனக்குப் பிடித்திருக்கிறது. நல்ல காப்பியும் கிடைக்கிறது.

நீர்வீழ்ச்சியில் அட்டைகளை எடுத்துப் போட்டபிறகு அப்பா, ட்ரையல் என்பதை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, எல்லாம் பாத்தீங்கதானே. எப்புடி?" என்று கேட்டார். பெரியம்மாவுக்குக் கப்பலும் தெரியாது, சாக்கும் தெரியாது. அவர், "நல்லாத்தான் தம்பி இருக்கீங்க. நீ இங்கயே இருந்தது நல்லதாப் போச்சு. இல்லாட்டி எனக்கு யாரு காட்டியிருப்பா" என்றார். அப்பா உடனே டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனார். நாலு டயரையும் பார்த்து முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. இனி நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்லாவிட்டாலும் அவருக்குப் பரவாயில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்லுங்கள்.

அன்றைக்குக் கட்டிய சேலையைப் பெரியம்மா துவைத்து மடித்துத் தனியாக வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் எங்கள் வாசலுக்கு வந்து, "அக்கா போன் பண்ணுனாங்களா?" என்று கேட்கிறார். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சிப் போத்தலில் ஊற்றி வைத்திருக்கிறார். நீங்கள் வரும் அன்று வேனில் நீங்கள் ஏழு பேர், நாங்கள் மூன்று பேர், அத்தோடு நிறைந்துவிடும். நான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். படித்த பிள்ளை இல்லாமல் எப்படி என்று அப்பா சம்மதிக்கமாட்டேன் என்கிறார். ஸ்பெயார் டயரை றோலண்ட் அண்ணன் கழற்றமாட்டார், மாதா மேல் சத்தியம் செய்துவிட்டார். விருந்தாளிகளிடம் இப்படிக் கேட்பது முறையில்லை என்று எனக்குத் தெரியும், இந்தத் தாளை இரண்டு தடவை கிழித்து மறுபடியும் எழுதியிருக்கிறேன். சம்பந்தியம்மாவை அடுத்த தடவை கட்டாயம் அழைத்து வாருங்கள், நானே கையைப் பிடித்து உலக முடிவு வரைக்கும் கூட்டிப் போகிறேன். இந்த முறை மட்டும் ஓர் ஆளைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், அத்தை.